மேசைக்கு ஒரு குருவி

மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அலுவலகத்தில் மேசைக்கு ஒரு பிளாஸ்டிக் குருவி வைத்தார்கள். தேவைக்கு மேல் எது ஓடினாலும் குருவி சிவந்து தலையைத் தொங்கப்போடும். அணைத்தால் பச்சையாகி நிமிரும். வாரம் முழுக்கப் பச்சையாக இருக்கிற வரிசைக்குச் சனிக்கிழமை லீவு.

லீவு என்றதும் மனிதர்களுக்குக் கண்மண் தெரியவில்லை.

மேசையில் சொந்த ஃபேன் வைத்திருந்த கடைசி மேசை 'ஃபேன் அண்ணனு'க்கு இதயம் பலவீனம். காற்று இல்லாவிட்டால் மூச்சு முட்டும். "உங்க ஒருத்தராலதாண்ணே எல்லாருக்கும் லீவு போகுது" என்று பக்கத்து மேசையில் பில் போடும் 'பில் அக்கா' எட்டி எட்டி அவர் ஃபேனை அணைப்பாள். அவர் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொள்வார்.

போன மாதம் ஒரு மதியம் மேசையில் தலை சாய்த்தவர், எழுந்திருக்கவே இல்லை. குருவி பச்சையாகத்தான் இருந்தது. அந்தச் சனிக்கிழமை வரிசையில் எல்லோருக்கும் லீவு.

ஃபேனை அவர் மனைவி வந்து எடுத்துப்போனார்.

இன்று சாப்பிட்டுத் திரும்பினால், ஃபேன் அண்ணன் மேசைக் குருவி சிவந்து கிடந்தது. மேசையில் பழைய காலண்டரைத் தவிர ஒன்றும் இல்லை. அதன் தாள்கள் படபடத்துக்கொண்டிருந்தன. அறையில் வேறெங்கும் ஒரு பொட்டுக் காற்று இல்லை.

"அக்கா, லீவு போயிடும், சீக்கிரம் அணைங்க!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

பழக்கதோஷத்தில் பில் அக்கா எட்டி அவர் மேசைச் சுவிட்சை அமுக்கினாள். யாரோ விரல் வைத்துப் பிடித்திருப்பதுபோல் அது அசையவில்லை. வியர்வையில் நனைந்து, வெதுவெதுப்பாக இருந்தது.