ஐயாவின் கன்னத்தில் ஒரு துளி

மூன்றாவது முறையாக ஐயாவின் கன்னத்தில் துப்பிவிட்டது.

ஏணியில் நின்றிருந்த பெயிண்டர் கண்ணை மூடிக்கொண்டார். கையிலிருந்த, காற்றால் வண்ணம் பீய்ச்சும் ஏர்பிரஷ் கொஞ்சமும் கூச்சமில்லாமல் 'உஸ்' என்றது.

"மறுபடியும் துப்பிடுச்சு சார்."

"ஐயா முகத்துல துப்புதுன்னு சொல்லாத. வேற வார்த்தை சொல்லு" என்றார் கீழே நின்ற மேலாளர்.

பெயிண்டரின் தொழிலில் வேறு வார்த்தை இல்லை. காற்றோடு தண்ணீர் வந்தால் பிரஷ் துப்பும். துப்பினால், பூசிய வண்ணத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும். லாரிக் கதவில் சிறுத்தை வரையும்போது விழுந்தால், சிறுத்தைக்கு ஒரு புள்ளி கூடுதல் என்று விட்டுவிடலாம். ஐயாவோ இந்தத் தாழ்ப்பாள் கம்பெனியை நிறுவியவர். போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. வரவேற்பு ஹால் சுவரில் அறைந்த எட்டடி அலுமினியத் தகட்டில் முழு உருவமாக நிற்கிறார். மாலை ஐந்து மணிக்கு அவர் மனைவி வந்து திரையை விலக்க வேண்டும்.

இந்தப் படம் தேறினால் பதினொரு கிளைக்கும் பதினொரு ஐயா. லாரிக்கு அடியில் குனிந்து குனிந்தே இடுப்பு விட்டுப்போன பெயிண்டருக்கு, பதினொரு ஹாலில் நிமிர்ந்து நின்று பார்க்கிற வேலை. தேறாவிட்டால் மறுபடியும் சிறுத்தை.

கோளாறு எங்கே என்று அவருக்குத் தெரியும். பிரஷுக்குக் காற்றை அமுக்கி அனுப்பும் கம்ப்ரஸர் கடகடவென்று சத்தம் போடுவது ஐயாவுக்கு மரியாதைக் குறைவு என்று சொல்லி, மேலாளர் அதைக் கேன்டீனில் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டிருந்தார். அங்கே காற்றில் பாதி ஆவி. அமுக்கியதும் சூடாகிற அந்தக் காற்று, முப்பதடிக் குழாயில் ஏசி ஹாலுக்குள் நுழைந்ததும் குளிர்ந்து, குழாய்க்குள்ளேயே வியர்த்துவிடுகிறது.

ஏசியைக் கொஞ்ச நேரம் நிறுத்தலாமா என்று கேட்டார். அது ஐயா போட்ட ஏசி. கம்ப்ரஸரை வராந்தாவுக்காவது கொண்டுவரலாமா என்றார். மேலாளருக்குக் குரலே தழுதழுத்துவிட்டது.

"பதினெட்டு வருஷம் ஐயாகூட இருந்தவன் நான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவர் முன்னாடி தலை நிமிர்ந்திருப்பேனா? உன் மெஷின் வந்து உறுமுமா?"

சுற்றி நின்ற ஐந்தாறு அதிகாரிகளும் தாங்களும் நிமிர்ந்ததே இல்லை என்று போட்டி போட்டுச் சொன்னார்கள்.

அதில் பொய் இருப்பதாகப் பெயிண்டருக்குத் தோன்றவில்லை. படமெடுத்துக்கொள்வது ஐயாவுக்குப் பிடிக்காதாம். ஏதோ பழைய ஆல்பத்திலிருந்து மேலாளர் தானே தேர்ந்தெடுத்து உரித்துக் கொண்டுவந்த போட்டோ, மார்பு வரைக்கும்தான் இருந்தது. கால் எப்படி இருக்கும் என்று பெயிண்டர் கேட்டபோது, மேலாளர் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்: வலது செருப்பின் வாரில் மூன்றாவது துளையில் கொக்கி, இடது கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு. கணக்குப் பிரிவு அதிகாரி குறுக்கிட்டு, ஒரு கோடு இல்லை, ஒன்றரைக் கோடு என்று திருத்தினார்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் பெயிண்டர் யாரையும் கேட்காமல் கேன்டீனுக்குப் பின்னால் போனார். கம்ப்ரஸர் தொட்டியின் அடித்திருகைத் திறந்தார். துருவேறிய தண்ணீர், ஆறிப்போன டீ நிறத்தில், அரை டம்ளர் வந்தது. பையில் வைத்திருந்த செம்புக் குழாயைச் சுருளாக வளைத்து, காற்றுக் குழாயின் நடுவே பொருத்தி, கேன்டீன் ஐஸை நிரப்பிய வாளிக்குள் இறக்கினார். அதைத் தாண்டி, எல்லாவற்றுக்கும் தாழ்வான இடத்தில், தண்ணீர் பிடிக்கும் கிண்ணத்தைத் தொங்கவிட்டார். காற்று வெளியிலேயே குளிர்ந்து, இருக்கிற ஈரத்தையெல்லாம் இங்கேயே கக்கிவிட்டுப் போனால், உள்ளே போய் வியர்க்க ஒன்றும் இருக்காது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிண்ணத்தில் தண்ணீர் ஏறியது.

சாப்பிட்டு வந்த மேலாளர் வாளியைப் பார்த்துவிட்டு, ஐயாவின் படத்துக்கு ஐஸ் வாளியா என்று குதித்தார். பெயிண்டர் பழைய தாளொன்றில் அடித்துக் காட்டியதில் பத்து நிமிஷம் ஒரு துளிகூட விழவில்லை. உடனே மேலாளர், எதையும் ஆறப்போட்டுச் செய் என்று ஐயா அடிக்கடி சொல்வார் என்றும், அதனால்தான் ஐஸ் வைக்கச் சொன்னதாகவும் அதிகாரிகளிடம் விளக்கினார்.

பெயிண்டர் குழி விழுந்த கன்னத்தைத் தேய்த்து, துடைத்து, மெல்லிசாக மூன்று பூச்சு அடித்தார். நாலே முக்கால் மணிக்கு ஐயாவின் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்தது.

மேலாளர் ஏணியில் ஏறி, பூதக்கண்ணாடி வைத்துக் கன்னத்தை அங்குலம் அங்குலமாகச் சோதித்தார். ஒரு புள்ளி இல்லை. இறங்கிவந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படியே ஐயா" என்றார்.

"அச்சு அசல்" என்றார்கள் அதிகாரிகள். அடுத்த கிளைக்கு எப்போது போகலாம் என்று மேலாளர் காதோரமாகக் கேட்டபோது, பெயிண்டருக்கு இடுப்பு வலி பாதி குறைந்த மாதிரி இருந்தது.

ஐந்து மணிக்கு ஐயாவின் மனைவி வந்தார். திரை விலகியது. மேலாளரும் அதிகாரிகளும் வழக்கம்போலக் குனிந்துகொண்டார்கள்.

அந்த அம்மா காலிலிருந்து பார்க்க ஆரம்பித்தார். பாதத்தைப் பார்த்ததுமே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பார்வை மெல்ல மேலே ஏறியது. முகத்துக்கு வந்ததும் நின்றது. வெகுநேரம் அங்கேயே நின்றது. பெயிண்டர், தான் பார்க்காத துளி எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினார்.

அந்த அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"ரொம்ப அழகா வரைஞ்சிருக்கீங்க தம்பி. ஆனா, எங்க டிரைவரை எதுக்கு வரைஞ்சீங்க?"