ஒற்றை ஆளுக்கு இவ்வளவு பெரிய அடுப்பா?

"பச்சை வேண்டாமாம்."

கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு எட்சன் சொன்னதும் அவன் மனைவி ஷிஜிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கறுப்பு வேண்டாம்னாரு. சிவப்பு கண்ணக் குத்தும்னாரு. இப்ப பச்சையும் வேண்டாமா? இவரு அடுப்பு வாங்குதாரா, சேலை எடுக்குதாரா?"

நாகர்கோவிலில் அவர்கள் ஏறி இறங்கிய மூன்றாவது கடை அது. பெரிய பெரிய முட்டைகளை நிறுத்திவைத்ததுபோல் செராமிக் அடுப்புகள் வரிசையாக நின்றன. கொல்லையில் வைத்து, கரி போட்டு, மீனோ கோழியோ சுட்டெடுக்கும் அடுப்பு. கமாடோ என்று பெயராம். ஒவ்வொன்றின் மூடியையும் திறந்து காட்டியே கடைக்காரர் ஓய்ந்துபோயிருந்தார்.

"நெறத்த விடுங்க, சூடு நிக்குதான்னு பாருங்க. ஒருக்கா கரி போட்டா பொழுதுக்கும் எறங்காது. மேலயும் கீழயும் துவாரம் இருக்கு. அதத் திருப்பித் தீயக் கூட்டலாம், கொறைக்கலாம். எத்தன பேருக்குச் சமைக்கணும்?"

"ஒத்த ஆளுக்கு," என்றாள் ஷிஜி.

"அப்ப சின்னதே போதுமே?"

"இருக்கதுல பெரிசுதான் வேணுமாம்."

மறுபடியும் கைப்பேசி அடித்தது. எட்சன் ஸ்பீக்கரில் போட்டான்.

"எட்சா, உயரம் பாத்தியா?" சிலுவைதாசன் சாரின் குரல். "நின்னு சமைக்கதுக்கு உள்ளது வேண்டாம். நாற்காலியில உக்காந்துட்டே சமைக்கணும். பெறகு, மூடிய ஒத்தக் கையால தூக்க முடியுதான்னு பாரு. நீ தூக்காத. ஷிஜி தூக்கட்டும்."

ஷிஜி பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். ஸ்பிரிங் வைத்த மூடி லேசாக எழும்பியது.

"தூக்கியாச்சு சார்!"

"கொள்ளாம், நல்லாருக்கு. சக்கரம் வெச்சது வேண்டாம், ஒரே எடத்துல நிக்கட்டும். நெறம் என்னன்னு ஒரு ஆளுகிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்." வைத்துவிட்டார்.

கடைக்காரர் உருகிப்போனார். "அப்பாவா? இம்புட்டுப் பொறுமையான பிள்ள இந்தக் காலத்துல யாருக்குக் கெடைக்கும்!"

எட்சன் அசடு வழிந்தான். "அப்பா இல்லண்ணே. எங்க வீட்டுல வாடகைக்கு இருக்காரு."

கடைக்காரருக்கு வாய் மூடவில்லை. ஷிஜி தலையில் அடித்துக்கொண்டாள்.

குளச்சலில் அவர்கள் குடியிருந்தது மாடியில். கீழ் வீட்டில் சிலுவைதாசன் சார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், மனைவி போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. ஷிஜியின் அம்மா ஞானபாயும் கடியப்பட்டணத்தில் தனியாகத்தான் இருந்தாள். முட்டுவலி. மகளைப் பார்க்க வந்தாலும் படி ஏற முடியாமல் கீழேயே உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாள். கீழ் வீடு காலியானால் அம்மாவைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாம். ஷிஜியும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். "பாக்கலாம்" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து எதுவும் வந்ததில்லை.

போன மாதம்தான் திடீரென்று மனசு இறங்கினார். "எனக்கு நல்ல அடுப்பு ஒண்ணு பாத்துக் குடுங்க. அது வந்த மறு ஞாயிற்றுக்கெழம வீட்டு விஷயத்துக்கு ஒரு முடிவு சொல்லுதேன்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த அலைச்சல்.

"வீடு மாறப்போற ஆளு சக்கரம் எதுக்கு வேண்டாங்காரு?" ஷிஜி குரலைத் தாழ்த்தினாள். "இவரு நம்மள நல்லா ஏமாத்துதாரு, பாத்துக்கிடுங்க."

"ஏட்டி, சும்மா இரி. இப்ப போயி எதையாவது கேட்டு அவருக்க மனசக் கலைச்சிராத. வாங்கிக் குடுத்துருவோம். பெறகு அவரு பாடு, லாரிக்காரன் பாடு."

ஆற்றாமை தாங்காமல் அம்மாவிடமாவது புலம்பலாம் என்று ஷிஜி போன் போட்டாள். லைன் பிஸி. மறுபடி போட்டாள். அப்போதும் பிஸி.

"அவசரத்துக்கு இந்த அம்மயும் ஒதவ மாட்டா!"

எட்சனின் கைப்பேசி அடித்தது. "நீலம்," என்றார் சார். "நல்ல கடல் நீலம்."

அந்த நிறம் குடோனில்தான் இருக்கிறதாம். சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டுமாம். ஷிஜி அங்கே கிடந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது கொல்லையில் அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. கடியப்பட்டணத்திலிருந்து அம்மாவும் வந்திருந்தாள், கூடவே பெரிய பெரிய விளமீன்களும். மசாலா தடவிச் சுட்ட மீனின் வாசனை தெருமுனை வரை போனது. எட்சன் முள்ளைக்கூட விடாமல் சப்பினான். ஷிஜிக்குத்தான் ஒரு வாயும் இறங்கவில்லை.

"சார்... அந்த வீட்டு விஷயம்?"

சிலுவைதாசன் சார் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஒனக்க அம்ம கீழ் வீட்டுக்கு வரட்டும் மக்கா. எனக்குப் பூரண சம்மதம்."

ஷிஜிக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் ஒரு நொடியில் கரைந்துபோனது. பாவம், நல்ல மனுஷன். இவரையா இத்தனை நாள் கரித்துக்கொட்டினோம்!

"ரொம்ப நன்றி சார்! அப்ப நீங்க எப்ப மாறுதீங்க? இவரு லாரிக்குச் சொல்லட்டுமா?"

அவர் தென்னை மரத்தின் உச்சியைப் பார்த்தார். அடுத்த மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்த அம்மாதான், தலை நிமிராமல் சொன்னாள்:

"அவரு எதுக்குட்டி மாறணும்? வார ஞாயிறு கோயில்ல எங்க ரெண்டு பேருக்கும் கல்யாண ஓலை வாசிக்காங்க."