முன்னறையில் மூங்கில்

சம்மட்டி அடியில் முன்னறைக் கூரை பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பியைக் காணோம். கான்கிரீட்டுக்குள் வரிசையாக மூங்கில்தான் இருந்தது.

மட்டாஞ்சேரி காலனியில் விஷயம் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? சாயா ஆறுவதற்குள் தெருவே வாசலில் நின்றது. ஆளாளுக்கு மூங்கிலைக் கையில் எடுத்துப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள்.

வீட்டைக் கட்டிய முப்பிடாதி இப்போது உயிரோடு இல்லை. முனிசிபாலிட்டியில் துப்புரவு வேலை பார்த்து, மனைவி போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் ஒற்றை ஆளாக வளர்த்த மனிதர். அந்தப் பிள்ளைகள், சுஜித்தும் ஓமனாவும், இப்போது பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள்.

காலையில்கூட இரண்டு பேரும் கூரை வார்த்த நாளைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். தெருவே வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றியது, அப்பா எல்லோருக்கும் கப்பைக் கிழங்கும் மீன்கறியும் பரிமாறியது, மறுநாள் ஓமனா பள்ளிக்கூடத்தில் ‘எங்க வீடும் டெரஸ் வீடாக்கும்’ என்று பீற்றிக்கொண்டது. அடடா, என்ன நாள் அது!

அந்த நினைப்பையே மூங்கில் கெடுத்துவிட்டது.

அன்றைக்குக் கட்டிய கொத்தனார் சுடலைமுத்து, அப்பாவின் உயிர்ச் சிநேகிதர். அவர் மகன் சஜிதான் புது வீட்டைக் கட்ட வந்திருந்தான். அவன் சொந்தமாகப் பிடித்த முதல் வேலை இது.

“உன் அப்பன் கம்பியை வித்துத் தின்னுட்டு மூங்கிலை வச்சிருக்கான். உன்னை நம்பி வீட்டைத் தர எனக்கென்ன கிறுக்கா?” என்றான் சுஜித்.

சஜி ஓடிப்போய் அப்பாவைக் கூட்டிவந்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லும்படி எல்லோர் முன்னாலும் கெஞ்சினான்.

கிழவர் மூங்கிலைப் பார்த்தார். கூடி நின்ற தெருவையும் பார்த்தார்.

“நான்தான் வச்சேன்” என்றார்.

சஜிக்கு முகம் செத்துவிட்டது. சாமான்களை வாரிக்கொண்டு, அப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான்.

மறுநாள் தோப்பும்படியிலிருந்து வேறு ஆட்கள் வந்து உள்ளறைக் கூரையில் கைவைத்தார்கள். மத்தியானம் வரை மல்லுக்கட்டியும் லேசில் உடைய மாட்டேன் என்றது. உடைந்த இடத்தில் நல்ல உறுதியான கம்பி தெரிந்தது.

“திருடுறவன் ஒரு ரூமை மட்டும் ஏன் சேட்டா விட்டு வைக்கணும்?” என்று கேட்டார் வந்த மேஸ்திரி.

சுஜித்தும் ஓமனாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது அவர்கள் இரண்டு பேரும் படுத்து வளர்ந்த அறை. அப்பா எப்போதும் முன்னறையில்தான் படுப்பார்.

அண்ணனும் தங்கையும் நேரே சுடலைமுத்து வீட்டுக்குப் போனார்கள். கிழவர் முதலில் பிடி கொடுக்கவில்லை. ஓமனா அவர் காலடியில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“கையில இருந்த காசுக்குக் கம்பி ஒரு ரூமுக்குத்தான் தெகைஞ்சுது. பிள்ளைங்க உறங்குற பக்கம் கம்பியைப் போடு, என் பக்கம் மூங்கில் போதும்னான் உங்கப்பன்.”

இதை நேற்றே சொல்லியிருந்தால் சஜிக்கு வேலை போயிருக்காதே என்று சுஜித் தலைகுனிந்து கேட்டான்.

“உங்கப்பன் கையால கப்பை வாங்கித் தின்ன தெரு அங்க நிக்குது. முப்பிடாதி கம்பிக்கு வழியில்லாம மூங்கில் வச்சான்னு அவங்க முன்னாடி சொல்லவா?”

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சஜி உள்ளே வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். நாளைக்கே சாமானோடு வந்துவிடும்படி சுஜித் அவனிடம் சொன்னான்.

ஓமனாவுக்கு அழுகை அடங்கவில்லை. “எங்ககிட்டயாவது அப்பவே சொல்லியிருக்கலாமே மாமா?”

கிழவர் அவள் தலையைத் தடவினார்.

“அறிஞ்சிருந்தா, உங்கப்பனை அந்த முன்னறையில ஒரு ராத்திரி படுக்க விட்டிருப்பீங்களா மக்களே?”