பல் படாமல்

ஜன்னல் வெயிலில் கேரட்டின் ஆவி சுருள்கிறது. வெந்த துண்டை நசுக்கிப் பார்க்கப்போன வெல்டர் கையை இழுத்துக்கொள்கிறான். இரும்பு பிடித்துக் காய்ப்பு ஏறிய விரலுக்கு எல்லாமே மெத்தென்றுதான் இருக்கும். நேற்று அந்த விரலை நம்பி அவன் மகளுக்கு ஊட்டப்போன அரைவேக்காட்டுத் துண்டை மனைவிதான் பிடுங்கிப் போட்டாள். இன்று துண்டைத் தன் வாயில் போட்டு, பல் படாமல் நாக்கால் மேலண்ணத்தில் அழுத்துகிறான். “என்னங்க, பல்லெல்லாம் கொட்டிப்போச்சா?” என்கிறாள் மனைவி. “பாப்பாவுக்கு ரெண்டு பல்லுதானே? எனக்கு மட்டும் எதுக்கு?” துண்டு வெண்ணெயாகக் கரைகிறது. ஆறிய வேறொரு துண்டை, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் மகளின் கையில் கொடுத்துவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஈறால் நசுக்கி விழுங்குகிறாள். “தள்ளுங்க, அடுத்தது நான் தரேன்,” என்று மனைவி முன்னால் வருகிறாள். மகளின் பிசுபிசுத்த வெறுங்கை அவளைத் தாண்டி அவனை நோக்கி நீள்கிறது.