முதல் பெயர்

காலை பத்து மணி. பட்டியலில் அறுபத்தெட்டுப் பேர். முதல் பெயர் எட்சன்.

ஊராட்சி எழுத்தர் ஆன்ஸ்லின் மைக்கில் அதை வாசித்ததுமே ராஜகுமார் எழுந்துவிட்டார்.

“நிறுத்துடே. எட்சன் யாரு? தலைவிக்க மாப்பிள்ள இல்லியா?”

“ஆமாண்ணே. எங்க வீட்டு ஆளுதான்” என்றார் தலைவி லிஜி.

2020 ஜூலை 6. இரணியல் பக்கம் ஓர் ஊராட்சி. கொரோனாவில் கடையும் கம்பெனியும் பூட்டிக் கிடக்க, நூறு நாள் வேலை ஒன்றுதான் மிச்சம். முன்பு பதினைந்து வருடம் தலைவராக இருந்த ராஜகுமார், அந்தப் பட்டியலைத் தன் வீட்டில் வைத்தே எழுதுவார். ‘பெயர்களை மைக்கில் வாசிப்பேன், சுவரில் ஒட்டுவேன்’ என்று சொல்லித்தான் லிஜி அவரைத் தோற்கடித்தார்.

“நான் இருந்தப்போ எங்க வீட்டுப் பேரு ஒண்ணு உண்டுமா?”

“உங்க வீட்டுல மம்மட்டி பிடிக்க யாரு இருக்கா?” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. சிரிப்பு எழுந்தது.

“சிரிங்கட்டி. கலெக்டருக்கு மனு போகும்போ தெரியும்.”

மறுநாள் அவர் ஆதாரத்துக்காக சானல்கரைக்குப் போனார். கால்வாய் தூர்வாரும் அறுபத்தேழு பெண்களுக்கு நடுவே ஒரே ஆண், லிஜியின் கணவர் எட்சன். ரோட்டை ஒட்டி, வேலை போன குவைத் கம்பெனியின் ஆரஞ்சு உடுப்போடு, முழங்கால் சகதியில் நின்றார். போகிற வருகிற பைக்கெல்லாம் வேகம் குறைத்துப் பார்த்தது.

ராஜகுமார் செல்போனை நீட்டினார். எட்சன் முகக்கவசத்தை இறக்கினார்.

“நல்லா எடுங்கண்ணே, முகம் தெரியட்டு. சஜின் சுகமா? சவுதில, தம்மாம்ல அவனுக்க கம்பெனியும் பூட்டியாச்சாமே?”

“எனக்க மகன் லீவுல வந்திருக்கான். அடுத்த மாசம் போவான்.”

மத்தியானத்துக்குள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் அந்தப் படம் ஓடியது. ‘குவைத் ஃபோர்மேன் சானல் சகதியில். தலைவியின் குடும்ப ஆட்சி பாரீர்!’

சாயங்காலம் ஆன்ஸ்லின் லிஜியிடம் முகம் வாடி வந்தார்.

“நாறிப் போச்சுக்கா. ஒரு விளக்கமாவது போடுங்க.”

“எத்தன பேரு பாத்திருக்கு?”

“ஊரு முழுக்கப் பாத்தாச்சு.”

“நல்லது. வேலை அட்டைக்கு விண்ணப்பம் எத்தன மிச்சம் இருக்கு?”

“பத்து.”

“தக்கலைக்குப் போயி அம்பது ஜெராக்ஸ் எடுத்துட்டு வா.”

“அம்பதா? எதுக்குக்கா?”

“போன வாரம் பக்கத்துத் தெரு ஷைஜா எனக்க வீட்டுப் பின்வாசல்ல வந்து நின்னா. ரேஷன் அரிசியும் தீந்தாச்சாம். மாப்பிள்ளைக்க பேர மைக்ல வாசிக்காம சேக்க முடியுமான்னு கேட்டா. கல்ஃப்ல இருந்து வந்தவன், பெம்பளைங்க கூட நின்னு மண்ணு வெட்டுகான்னு ஊரு சொல்லுமாம். அவள மாதிரி நாப்பது வீடு இருக்கு.”

“சேத்திருக்கலாமேக்கா?”

“வாசிக்காம ஒரு பேரு சேத்தா அது பழைய ஆட்சி. வெக்கத்த யாராவது முதல்ல பட்டுத் தீக்கணும். எட்சன் சரின்னாரு. ஆனா சானல்ல நின்னா நாலு பேருதான் பாத்திருப்பாவ. மீதிய ராஜகுமார் அண்ணன் பாத்துக்கிட்டாரு.”

புதன்கிழமை ஏழு பேர் விண்ணப்பம் வாங்கினார்கள். சனிக்கிழமைக்குள் ஜெராக்ஸ் தீர்ந்தது. கலெக்டருக்கு மனு எதுவும் போகவில்லை.

2020 ஆகஸ்ட் 3, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு ஆன்ஸ்லின் நூற்று ஒன்பது பெயர்களை மைக்கில் வாசித்தார். கடைசிப் பெயர் சஜின், தகப்பனார் பெயர் ராஜகுமார்.