சுப்புராஜின் வலது கால்

“கார்டு தீந்து போச்சு டாக்டர். காலை எடுத்துருங்க” என்றாள் மாயம்மாள்.

கடையில் ஒரு சாமானை வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பது போலச் சொன்னாள். கட்டிலில் கிடந்த அவள் புருஷன் சுப்புராஜைவிட, பக்கத்தில் நின்ற அவன் தங்கச்சி மகாவுக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது.

“மதினி! என்ன பேசுதிய? எங்கண்ணன் கால் என்ன முருங்கைக் கிளையா, வெட்டித் தள்ள?”

கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் அரிசி மூட்டை ஏற்றிய கைவண்டியோடு சுப்புராஜை ஒரு கார் இடித்துத் தள்ளிப் பதினெட்டு நாள் ஆகிறது. ரெண்டு ஆபரேஷன் முடிந்துவிட்டது. எல்லாம் சர்க்கார் கொடுத்த குடும்ப இன்சூரன்ஸ் கார்டில்தான். மூன்றாவதாக ஒன்று செய்தால் காலைக் காப்பாற்றலாம், செலவு கூடும், இல்லாவிட்டால் சீழ் மேலே ஏறுவதற்குள் முட்டுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், அதற்குச் சொற்பச் செலவுதான், எதுவானாலும் நாளைக்குள் சொல்லுங்கள் என்றார் டாக்டர். மாயம்மாள் கீழே கார்டு கவுண்டருக்குப் போனாள். பத்தே நிமிஷத்தில் திரும்பி வந்து இப்படிச் சொல்கிறாள்.

“கார்க்காரன் தர மாட்டானா?” என்றாள் மகா.

கார்க்காரர் ஒரு தடவை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, “வண்டிக்கு இன்சூரன்ஸ் உண்டு, கம்பெனி தரும்” என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். கம்பெனி தரும், யார் இல்லையென்றது? கோர்ட்டில் ஏறி இறங்கி அது கைக்கு வர நாலைந்து வருஷம் ஆகும் என்று வக்கீல் சொன்னார். அழுகுகிற கால் அத்தனை வருஷம் காத்திருக்குமா?

“பிரியாணி போட்டு விப்போம் மதினி. பஸ்காரங்ககிட்ட ஒருநாள் வசூலைக் கேப்போம். இந்த ஊர்ல எத்தனை பேருக்குச் செஞ்சிருக்காங்க!”

“அது சேந்து வர மாசமாகும். டாக்டர் நாளைக்குள்ளன்னு சொல்லுதாரு.”

மாயம்மாள் குனிந்து புருஷன் காதில் ஏதோ சொன்னாள். அவன் ரொம்ப நேரம் மேலே சுழல்கிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். நர்ஸ் பேப்பரை நீட்டினாள். அவன் கையெழுத்துப் போட்டதும் கீழே மாயம்மாளும் போட்டாள். போட்டுவிட்டுப் பேனாவை மூடி நர்ஸிடம் திருப்பிக் கொடுத்தாள். அதுதான் மகாவுக்குப் பொறுக்கவில்லை.

“மூட்டை தள்ளிப் பிழைக்கிறவனுக்குக் கால் போனா அப்புறம் என்ன இருக்கு? கட்டினவளுக்கு வலிக்காது. கூடப் பொறந்தவளுக்குத்தான் வலிக்கும். நீங்க நல்லா இருப்பியளா?”

மாயம்மாள் குனிந்து புருஷனின் போர்வையைச் சரிசெய்தாள்.

காலை எடுத்தாயிற்று. மயக்கம் தெளிந்ததும் சுப்புராஜ் முதலில் தங்கச்சியைத்தான் கூப்பிட்டான்.

“பாதம் அரிக்குது மகா. கொஞ்சம் சொறிஞ்சு விடேன்.”

இல்லாத பாதத்தை அவள் எங்கே தேடுவாள்? வராந்தாவுக்கு ஓடிப்போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து மாயம்மாள் கையால் ஒரு வாய் சாயாகூடக் குடிக்கவில்லை. குழாயடியில் நின்று எல்லாரிடமும் சொல்லித் தீர்த்தாள். ரெண்டே நாளில் தெருவில் மாயம்மாளோடு முகம் கொடுத்துப் பேச ஆளில்லை.

மூன்றாம் நாள் மகாவுக்கு டயாலிசிஸ்.

ரெண்டு கிட்னியும் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. புருஷன் அவளை அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனதும் அதனால்தான். வாரம் மூணு நாள் அதே ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணியாக வேண்டும். அதுவும் அதே குடும்பக் கார்டில்தான். அண்ணனை நினைத்து அழுத அழுகையில் இது அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றியபோது பயமும் வரவில்லை. கார்டு தீர்ந்தால் நானும் தீர்ந்தேன், விட்டது சனி என்று நினைத்துக்கொண்டாள்.

“நேரமாச்சு, கிளம்பு” என்றாள் மாயம்மாள்.

“எதுக்கு? அதான் கார்டு தீந்து போச்சே!”

“நீ போய் விரலை வை.”

கவுண்டரில் இருந்த மஞ்சுஷா தினமும் தமிழர்களோடு மல்லுக்கட்டி முக்கால் தமிழ் பேசப் பழகியவள். கைரேகை மெஷினை நீட்டினாள். மகா வேண்டாவெறுப்பாக விரலை வைத்தாள். சீட்டு வந்தது.

“நாலாம் நம்பர் பெட், சேச்சி.”

மகா அசையவில்லை.

“கார்டுல பணம் இருக்கா?”

“உண்டல்லோ. மார்ச்ல கார்டு புதுசாகுற வரைக்கும் உங்களுக்குப் போதும்.”

மகாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கவுண்டர் பலகையில் ஓங்கி அறைந்தாள்.

“படுபாவி! பணம் இருக்கும்போதே தீந்து போச்சுன்னு பொய் சொல்லி எங்கண்ணன் காலை எடுக்க வச்சிட்டாளே! அவ பொம்பளையா?”

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மஞ்சுஷா எழுந்து, கண்ணாடி இடைவெளி வழியாகக் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சத்தம் போடாதீங்க சேச்சி. அன்னிக்கு உங்க மதினி வந்து என்கிட்ட ஒரே ஒரு காரியம்தான் கேட்டாங்க. ‘காலைக் காப்பாத்துற ஆபரேஷனை இந்தக் கார்டுல செஞ்சா, எங்க மகாவுக்கு டயாலிசிஸ் பண்ண மிச்சம் இருக்குமா?’ன்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“இருக்காதுன்னு சொன்னேன்.”