ஓடாத ஓட்டத்துக்கு ஒரு மாலை

தொழிற்சங்கத் தலைவர் கிருஷ்ணராஜ் போட்ட ரோசாமாலை ஜீவராணியின் முழங்கால் வரை தொங்கியது. தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனமெல்லாம் கைதட்டியது. அவளுடைய அப்பா நல்லையா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வெளிநாட்டு ஓட்டப் போட்டிக்கு இலங்கை அணியில் தேர்வான ஒரே தோட்டத்துப் பிள்ளை அவள். செவ்வாய்க்கிழமை விமானம் அவளில்லாமல் பறந்தது. வெள்ளிக்கிழமை தலைவர், பத்திரிகைக்கார லாபிரையும் ஏற்றிக்கொண்டு றக்வான மலையேறி வந்துவிட்டார்.

"நம்ம பயலுகள விசாரணை இல்லாம புடிச்சு உள்ள போடுறாங்க. இந்த நாட்டு சட்டையப் போட்டு ஓடமாட்டேன்னு பகிஷ்கரிச்சுப்புட்டா பாருங்க, இது போராட்டம்!"

"ஓடி ஜெயிச்சு, அங்கயே அதச் சொல்லியிருக்கலாமே தலைவரே?" என்றான் கவ்வாத்து வெட்டும் ஏழுமலை.

"ஓடுனா மெடலத்தான்டா பாப்பான். ஓடாட்டித்தான் ஏன்னு கேப்பான். ஒனக்கு அரசியல் வெளங்காது, போ!"

நல்லையா மகளையும் தலைவரையும் மாறி மாறிப் பார்த்தார். விடியக்காலைப் பனியில் பஸ் ரோட்டு மேட்டில் மூச்சுவாங்க ஓடியது பிள்ளை. பேரெடுக்க வந்தது இந்தாள்.

"எதுன்னாலும் ஆபீசுக்கு வாங்க நல்லையா. கதவு எப்பவும் தொறந்துதான் இருக்கும்!"

அந்தக் கதவுக்கு வெளியே நாலு நாள் பேரை விட்டு, கூலியும் இழந்து காத்துக்கிடந்தவர் நல்லையா. 'வாயத் தொறந்துறாத, நாளைக்கும் இவருகிட்டதான் போயி நிக்கணும்' என்று காலையில் மகளிடம் சொன்னதை நினைக்க, தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"கொஞ்சம் கோவமா பாரும்மா, பேப்பர்ல எடுப்பா விழும்," என்றார் தலைவர், படத்துக்கு நின்றபடி.

அவர் வந்ததிலிருந்தே அவள் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படமெடுத்து முடித்து லாபிர் கொப்பியைத் திறந்தார். "தங்கச்சி, பாஸ்போட்டத் திருப்பிக் குடுத்துட்டீங்களா?"

"பாஸ்போட்டே எடுக்கலீங்க. அடையாள அட்டை இல்லாம தரமாட்டாங்களாம்."

"அப்ப அடையாள அட்டைக்கு எழுதிப் போடலியா?"

நல்லையா மகளைப் பார்த்தார். இந்தத் தடவை 'வேண்டாம்' என்று தலையாட்டவில்லை.

"அனுப்பித் தர்றேன்னு வாங்குன ஃபாரம் ஏழு மாசமா தலைவரு மேசையிலதாங்க கெடக்குது."